'கூடாது' என்று சொல்லும் முன்

 

காரைக்குடியில் உங்கள் வீட்டிலிருந்து பள்ளிவாசல் வரும் வழியில் எத்தனை போர்டுகள் இருக்கின்றன என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். 'நோட்டீஸ் ஒட்டாதீர்', 'வாகனங்களை நிறுத்தாதீர்', 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்'. பஸ்ஸில் ஏறினால் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்'.

இவற்றில் தேவையானவையும் உண்டு. 2008 அக்டோபர் 2 முதல் நம் நாட்டில் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. அது பிறர் நுரையீரலைக் காக்கிற தடை. மார்க்கத்திலும் ஏவல் உண்டு, விலக்கலும் உண்டு. ஆனால் சிறுநீர் கழிக்காதே என்று சுவரில் எழுதுகிறவர், கழிப்பறை எந்தப் பக்கம் என்று எழுதுவதில்லையே!

பாதைகளில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை சொன்னார்கள். 'எங்களுக்கு வேறு வழியில்லை, அங்குதான் பேசிக்கொள்கிறோம்' என்று தோழர்கள் முறையிட்டார்கள். அதிகாரமுள்ள ஒருவரிடம் நாம் இப்படிச் சொன்னால் என்ன பதில் வரும்? 'சொன்னால் கேள்' என்பார். நபியவர்களோ அவர்களின் தேவையை ஏற்றுக்கொண்டு, அப்படியானால் பாதையின் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது. அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. செட்டிநாட்டில் வழிப்போக்கரும் இளைப்பாறிய திண்ணைகள் பலவற்றில் இன்று கம்பி அடைப்பைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஹதீஸ்தான் நினைவுக்கு வருகிறது.

எதிரில் இருப்பவரை மனிதராகவே மதிக்காத தடையும் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. காரைக்குடி அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் ஆதிக்கம் செலுத்தியவர்கள் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது 8 தடைகளை விதித்தார்கள். பெண்கள் தங்கம், வெள்ளி அணியக் கூடாது. மேலாடையால் உடலை மறைக்கக் கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, கால்நடைகள் கொள்ளைபோயின. மறு ஆண்டு ஜூனில் தடைகள் 11 ஆயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஒரு தாய் தன் உடலை மறைப்பதைத் தடுக்க இவர்கள் யார்? அல்லாஹ் தன் அடியார்களுக்கு வழங்கிய அலங்காரத்தைத் தடைசெய்தவர் யார் என்று அல்அஃராஃப் அத்தியாயத்தின் 32வது வசனம் கேட்கிறது. அல்லாஹ் தடுக்காததைத் தடுப்பவன், தனக்கு இல்லாத அதிகாரத்தைக் கையில் எடுக்கிறான்.

அது யாரோ செய்தது என்று நாம் ஒதுங்கிவிட வேண்டாம். ஜும்ஆவுக்குத் தகப்பன் கைபிடித்து வரும் சிறுவனை, 'சின்னப் பையன் முன்னால நிக்கக் கூடாது, பின்னால போ' என்று தோளைப் பிடித்துத் தள்ளுகிறோம். அவன் சிரித்தால் முறைக்கிறோம். அவன் அடுத்த வாரம் வருவானா என்று யோசிப்பதில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள் என்று அபூகதாதா (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஜ்தா செய்யும்போது அந்தக் குழந்தையை இறக்கி வைப்பார்கள். எழும்போது மறுபடி தூக்கிக்கொள்வார்கள்.