கணநேர நினைவிழப்பும் மூளை மின்னலைகளும்

வலிப்பு என்றதும் கீழே விழுதலும் கைகால் உதறலுமே பலருக்கு நினைவு வரும். இவை இன்றி நிகழும் வலிப்பும் உண்டு. பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும் இதனை மருத்துவர்கள் ‘ஆப்சென்ஸ்’ வலிப்பு என்பர். எழுதிக்கொண்டிருக்கும் குழந்தை திடீரென நின்றுவிடுகிறது. கண்கள் வெறித்து நோக்குகின்றன. சுமார் 10 வினாடிகளில் யாவும் முடிந்து, நிகழ்ந்ததை அறியாமலே மீண்டும் எழுதத் தொடங்குகிறது. சிகிச்சை பெறாத குழந்தைக்கு இது ஒரே நாளில் பலமுறை நேரலாம். அவ்வேளைகளில் பாடம் அதன் கருத்தில் பதிவதில்லை. ஆனால், கவனமற்ற பிள்ளை என்ற பழி மட்டும் நிலைத்துவிடுகிறது.

மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929-ல் முதற்கட்டுரை வெளியிட்டவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1935-ல் அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் இவ்வலிப்புக்குரிய அலைவடிவத்தை விளக்கினர். கூரிய முனை ஒன்றும், அதனைத் தொடர்ந்து அகன்ற மெதுவான அலை ஒன்றுமாக, வினாடிக்கு 3 இணைகள் மூளையின் இருபுறமும் ஒருங்கே தோன்றுகின்றன. மூளைப் புறணிக்கும் அதன் அடியிலுள்ள தலாமஸ் பகுதிக்கும் இடையேயுள்ள நரம்புத் தொடர்பு ஒரே தாளத்தில் சிக்குவதால் இது விளைகிறது.

நம் நாட்டில் நரம்பு நோய் ஆய்வுக்குப் பெயர்பெற்றது பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம். 1954-ல் அமைந்த அகில இந்திய மனநல நிறுவனமும் அங்கிருந்த அரசு மனநல மருத்துவமனையும் 1974-ல் இணைந்து இந்நிறுவனம் உருவாயிற்று. அங்கும் பிற பெரிய மருத்துவமனைகளிலும் இப்பரிசோதனை செய்யப்படுகிறது. தலையில் சுமார் 20 சிறு தகடுகள் ஒட்டப்படும்; வலி இல்லை; உடலுள் மின்சாரம் செலுத்தப்படுவதும் இல்லை. குழந்தையைச் சுமார் 3 நிமிடம் வேகமாக ஆழ்ந்து மூச்சுவிடச் செய்தால், மறைந்திருக்கும் வலிப்பு பெரும்பாலும் வெளிப்பட்டு வரைபடத்தில் பதிவாகிறது. இது மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே செய்யத்தக்கது.

வகையை அறிதல் இன்றியமையாதது. எத்தோசக்சிமைடு, வால்புரோயேட் ஆகிய மருந்துகள் இதற்குப் பயன்படுகின்றன. வேறு வலிப்புக்கு உதவும் கார்பமசெபைன் இதனை மிகுவிக்கக்கூடும். தக்க சிகிச்சையால் பெரும்பாலான குழந்தைகள் நலம் பெறுகின்றனர்.

பகற்கனவில் ஆழ்ந்த பிள்ளை தோளைத் தொட்டதும் திரும்பும். வலிப்புற்ற பிள்ளை திரும்பாது. இவ்வேறுபாட்டைக் காணும் ஆசிரியர், தண்டிக்காமல், நேரத்தையும் எண்ணிக்கையையும் குறித்துப் பெற்றோரிடம் தெரிவித்தல் வேண்டும். களப்பணியாளர் குழந்தையை மருத்துவரிடம் சேர்ப்பித்தலோடு, அது தனியே குளத்திலோ கிணற்றிலோ இறங்காதபடி வீட்டாரை எச்சரித்தலும் கடமையாகும்.