ஊர் வரலாறு எழுதிப் பிழைக்கலாமா?

பிழைக்கலாம். ஆனால் புத்தகம் மட்டுமே சோறு போடாது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். 300 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்று, 10 சதவீத ராயல்டியும் ஒழுங்காகக் கைக்கு வந்தால் 15,000 ரூபாய். இரண்டு வருட உழைப்புக்கு இது காணாது.

சென்னை வரலாற்றாளர் எஸ். முத்தையாவின் (1930–2019) வழியைப் பாருங்கள். கொழும்பில் 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். 1968இல் சென்னைக்கு வந்து, வரைபடம் அச்சிடும் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் எழுதிய 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' நூல் 1981இல் வந்தது. பதிப்புக்குப் பதிப்பு அது பருத்துக்கொண்டே போனது. 1991இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழைத் தொடங்கினார். 1999 முதல் 'தி இந்து' நாளிதழில் வாராவாரம் பத்தி எழுதினார். வாசகர்கள் கடிதத்தில் தந்த தகவல்களையும் திருத்தங்களையும் அந்தப் பத்தியிலேயே வெளியிட்டார். ஊரே சேர்ந்து சரிபார்த்த எழுத்து அது. ஸ்பென்சர், பாரி, சிம்ப்சன் போன்ற பழைய நிறுவனங்களின் வரலாறுகளையும் எழுதினார். உங்கள் ஊரிலும் நூற்றாண்டை நெருங்கும் பள்ளியோ வங்கியோ மில்லோ இருக்கும். மலர் போடுவதற்கு ஆள் தேடுவார்கள், போய்க் கேளுங்கள்.

எடுத்த எடுப்பில் முழு நகரத்தையும் கையில் எடுக்காதீர்கள். 1639 முதலான சென்னைக் கதையை ஹெச். டி. லவ் 1913லேயே பெரிய தொகுதிகளாக எழுதிவிட்டார். உங்கள் தெருவை எழுத இன்னும் ஆள் இல்லை. அந்த ஒரு தெருவை எடுங்கள்.

முதலில் வயதானவர்களைப் பாருங்கள். ஆவணம் அடுத்த மாதமும் அலமாரியில் இருக்கும். அவர்கள் இருப்பார்களா என்பது தெரியாது. அவர்கள் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொண்டு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். பழைய கிரயப் பத்திரம் ஒன்றின் நகல் கிடைத்தாலே பெரிய வரவு. அதில் 'செக்குபந்தி' என்று நான்கு எல்லை எழுதியிருக்கும்: இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் தோட்டத்துக்கு வடக்கு, பொதுச் சந்துக்குத் தெற்கு என்பதுபோல. ஒரு வீட்டுப் பத்திரம் அக்கம்பக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும். அடுத்த வீட்டுப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரு தானாக நீளும். குளம் இருந்த இடம், தறி ஓடிய இடம், யார் யாருக்கு விற்றார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் பிடிபடும். வரலாறு எழுதுவதில் இதைவிட மகிழ்ச்சியான வேலை எனக்குத் தெரியாது.

பிறகு நூலகம். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். எடுத்த குறிப்புக்குப் பக்க எண், தேதி, கோப்பு எண்ணை அப்போதே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

கிடைத்ததைப் பூட்டி வைக்காதீர்கள். உள்ளூர் இதழுக்கு மாதம் ஒரு கட்டுரை கொடுங்கள். ஆகஸ்ட் 22ஐ ஒட்டி சென்னையில் மெட்ராஸ் தினம் கொண்டாடுகிறார்கள். மரபுநடைகள் அப்போது நிறைய நடக்கும். நீங்களும் பத்துப் பேரைத் தெருவில் அழைத்துப் போய்ப் பேசுங்கள். நன்றாகப் பழகிய பிறகு தயங்காமல் கட்டணம் வாங்குங்கள். அது உழைப்புக்கான கூலி.

குடும்ப ஆல்பத்துப் படங்களுக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எழுத்துக்குப் பதிப்புரிமை, எழுதியவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். பழைய நூலிலிருந்து நீளமாக எடுத்தாளும்போது இந்தக் கணக்கைப் பாருங்கள்.

பதிப்பாளரிடம் போகும்போது மொத்தத் தொகைக்கு உரிமையை எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். எத்தனை பிரதி அச்சாகும், ராயல்டி கணக்கு வருடத்தில் எந்த மாதம் வரும் என்று ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் தனித்தனி வரிகளாக இருக்கட்டும். புத்தகம் விற்பனையில் இல்லாமல் போனால் எத்தனை மாதத்தில் உரிமை உங்களிடம் திரும்பும் என்ற வரியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.