குழந்தைகளின் நீரிழப்பும் அதற்குரிய பரிகாரமும்

நீராய்க் கழியும் வயிற்றோட்டத்தினாற் குழந்தையொன்று இறக்கும்போது, அதன் உயிரைக் கவர்வது பெரும்பாலும் கிருமியன்று; உடலினின்றும் வெளியேறிய நீரும் உப்புமே. இவ்வுண்மையை நம்மவருட் பலர் இன்னும் உணர்ந்திலர். “வயிறு ஓடுகின்றது, தண்ணீர் கொடாதே” என்னும் பேச்சு நம் வீடுகளில் இன்றும் கேட்கின்றது. அன்பினாற் கூறப்படுவதாயினும், பிள்ளையின் உயிருக்கு உலைவைக்கும் பேச்சு அது.

பிறந்த குழந்தையின் நிறையில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு நீராகும். 10 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பிள்ளை அரை இலீற்றர் நீரை இழந்த அளவிலே குறிகள் தோன்றத் தொடங்கும். ஒரு இலீற்றரை இழப்பின் உயிர் ஊசலாடும். கடுமையான வயிற்றோட்டத்தில் இவ்விழப்பு ஒரு பகலுக்குள்ளேயே நேர்ந்துவிடக்கூடும்.

குறிகளை அறிதற்குக் கருவியெதுவும் வேண்டியதில்லை. முதலிற் பிள்ளை அமைதியிழந்து சிணுங்கும்; கண்கள் குழிவிழும்; நீரைக் கண்டவுடன் ஆவலோடு பருகும். கொப்பூழுக்கும் விலாப்புறத்துக்கும் நடுவே வயிற்றுத் தோலை நீளவாக்கிற் கிள்ளிவிட்டால், உடனே மீளாது மெல்ல மீளும். நோய் முற்றியபோதோ பிள்ளை துவண்டு கிடக்கும், குடிக்கமாட்டாது, கிள்ளிய தோல் மீள இரண்டு விநாடியோ அதற்கு மேலோ செல்லும். (மிக மெலிந்த பிள்ளையிலும் மிகக் கொழுத்த பிள்ளையிலும் தோற்சோதனை நம்மை ஏமாற்றும்.) இவ்விடத்தில் ஒன்றை அழுத்திக் கூறல் வேண்டும். இரவெல்லாம் அழுத பிள்ளை விடியற்காலையில் அடங்கிவிட, “இப்போதுதான் கண்ணயர்ந்தான்” என்று வீட்டார் ஆறுதலடைவர். அஃது உறக்கமோ மயக்கமோ என எழுப்பிப் பார்த்தல் வேண்டும். எழுப்பியும் தெளியாத பிள்ளைக்கு வாய்வழி எதனையும் புகட்டாது, அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

வெறும் நீர் போதாதோ, சர்க்கரையும் உப்பும் எதற்கு என விஞ்ஞான மாணவர் வினவலாம். குடற்சுவரிலே சோடியமும் குளுக்கோசும் ஒருங்கே உட்கவரப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கின்றது. வயிற்றோட்டத்திலும் இவ்வாயில் பெரும்பாலும் அடைபடுவதில்லை. இவ்விணைப்பை 1960ஆம் ஆண்டிலே இறொபேட் கிறேன் எடுத்துரைத்தார். 1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது, எல்லையை அடுத்த பொங்காவ் அகதி முகாமிலே வாந்திபேதி பரவிற்று. நாளத்தின்வழி ஏற்றும் சேலைன் தீர்ந்துபோக, வைத்தியர் திலீப் மகாலனாபிசு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாக்களிற் கரைத்து, நோயாளரின் உறவினர் கையாலேயே கொடுப்பித்தார். நூற்றுக்கு முப்பதளவினதாயிருந்த சாவு நாலுக்கும் குறைவாயிற்று. படித்த வைத்தியர் பலர் அதனை முதலில் நம்பவில்லை என்பதும் நினைக்கத்தக்கது.

நம் நாட்டில் ‘ஜீவனி’ என வழங்குவது இவ்வகைக் கரைசலே. பொதி முழுவதையும் அதிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்தல் வேண்டும். சிக்கனங்கருதிப் பாதிப் பொதியைக் குவளையிற் கலத்தல் தவறு. பொதி கிடையாவிடின், ஒரு இலீற்றர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு மிகின் அதுவே தீங்காகும். கரைத்து 24 மணித்தியாலம் கடந்ததைக் கொட்டிவிடுக. ஒவ்வொரு கழிச்சலின் பின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றரும், மூத்த பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றரும் கொடுக்கலாம். சத்தியெடுப்பின் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாக மீண்டும் தொடங்குக. தாய்ப்பாலை நிறுத்தலாகாது, கஞ்சியும் வழக்கமான உணவும் கொடுக்கலாம். இளநீர் நல்லதே, எனினும் அதிற் சோடியம் குறைவாதலால் கரைசலுக்கு ஈடாகாது. சோடாவகைகளோ மிகுந்த சீனியாற் குடலுக்குள் நீரை இழுத்துக் கழிச்சலைப் பெருக்கும். வைத்தியர் நாகம் கலந்த மாத்திரை தருவாராயின், வயிற்றோட்டம் நின்ற பின்னரும் 10 முதல் 14 நாள் வரை குறித்தபடி கொடுத்தல் வேண்டும்.

மலத்தில் இரத்தங்காணினும், சத்தி ஓயாதிருப்பினும், பிள்ளை குடிக்க மறுப்பினும், சிறுநீர் நெடுநேரம் கழியாவிடினும் வீட்டிலே காத்திராது வைத்தியரிடம் செல்க. பிள்ளை விழித்திருந்து விழுங்கக்கூடியதாயின், கரைசலைப் போத்தலில் உடன்கொண்டு, வண்டியில் இருக்கும்போதும் கரண்டியாற் கொடுத்துக்கொண்டே செல்க.