செலவும் உணவும்

‘செலவு’ என்னும் சொல் பண்டைத் தமிழில் பயணத்தைக் குறித்தது. தலைவன் தன் பயணத்தைத் தவிர்த்தலைச் ‘செலவழுங்கல்’ என்பர் அகப்பொருள் நூலார். இக்காலத்திலோ அச்சொல் கைப்பொருள் குறைதலையே பெரிதும் உணர்த்துகின்றது. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தமை பொருத்தமே. பயணம் என்றால் பணமும் உடன் செல்வதன்றோ?

வண்டிக் கட்டணத்தையும் அறை வாடகையையும் முன்னரே கணக்கிட்டுக் கொள்ளலாம். கணக்கை மீறி வளர்வது உணவுச் செலவேயாம். ஐவர் அடங்கிய குடும்பம் ஒன்று ஓர் ஊரில் இரண்டு நாள் தங்குமாயின், அதற்கு முப்பது வேளை உணவு வேண்டும். வேளைக்கு 40 ரூபாய் மிகுதியாகக் கொடுப்பின், 1,200 ரூபாய் வீணாகும். சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து வந்த எளிய குடும்பத்தார்க்கு அஃது ஒரு நாட் பயணத்தையே இழப்பதாகும். ஆதலின், குறைந்த விலையில் நல்லுணவு கிடைக்கும் இடத்தை அறிதலும் கற்க வேண்டிய ஒரு கலையே.

மதுரை மாநகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மீனாட்சியம்மன் திருக்கோயிலை நடுவாகக் கொண்டு சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என வீதிகள் ஒன்றன் புறத்து ஒன்றாகச் சூழ்ந்துள்ளன. கோபுர வாயிலை நெருங்க நெருங்கக் கடைகளின் வாடகை உயரும். அவ்வாடகை உண்பவன் இலையிலேயே வந்து சேரும். மற்றொரு காரணமும் உண்டு. அயலூரார் ஒருமுறை உண்டு செல்பவர். அவர் மீண்டும் வருவது அரிது. அவர் மனம் கசந்து சென்றாலும் சில கடைக்காரர் கவலை கொள்ளார். வெளி வீதிப் பக்கத்து உண்டிச்சாலையோ நாள்தோறும் வரும் கடைப்பணியாளரையும், அலுவலரையும், சுமை தூக்குவோரையும் நம்பி நடப்பது. இன்று சுவை குன்றினாலும் விலை மிகுந்தாலும், நாளை அவர் வேறிடம் நாடுவர். எனவே, மீண்டும் வருவோரை நம்பி வாழும் கடையே அயலூரார்க்கும் ஏற்ற கடை. இவ்வொரு விதி எவ்வூர்க்கும் பொருந்தும்.

அத்தகைய கடையை அறிவது எங்ஙனம்? கோயில் வாயிலிலிருந்து இரண்டு மூன்று தெருக்கள் கடந்து நடக்க வேண்டும். உள்ளூரார் உணவு வேளையில் கூடியிருக்கும் இடத்தை நோக்க வேண்டும். வண்டியோட்டி அழைத்துச் செல்லும் இடத்திற்கு உடனே இசைதல் கூடாது. அவர்க்குத் தரகு கொடுக்கும் கடையாகவும் அஃது இருக்கலாம். அவர் தாம் நாள்தோறும் உண்ணும் இடம் யாது என வினவுதலே அறிவுடைமை. அமருமுன் விலைப்பட்டியலைப் படித்தல் வேண்டும். பசி மிகுந்தவர்க்கு முழுச் சாப்பாடும், அல்லாதார்க்கு அளவுச் சாப்பாடும் ஏற்றவை. திருக்கோயில் நண்பகலில் நடை சாத்தப்பெறும் ஆதலின், அப்பொழுதை உணவிற்கு ஒதுக்கினால் காலமும் வீணாகாது.

விலை குறைந்ததென்று தூய்மையை மறத்தல் ஆகாது. 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பெற்ற பதினான்கு இலக்க எண் கடையில் காணுமாறு வைக்கப்பட்டுள்ளதா என நோக்குக. வெட்டி வைத்த பழத்தினும், ஆறிய பண்டத்தினும், ஆவி பறக்கும் இட்டிலியே நன்று. நோயுற்றால், உணவில் மிச்சம் பிடித்த பணம் மருந்திற்கும் போதாது.

வழிவந்தோர் பசியைத் தணித்தல் மதுரைக்குப் பழைய அறம். சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் ஆபுத்திரன் என்பான் வரலாறு கூறப்படுகின்றது. அவன் மதுரையில் பிச்சை ஏற்று, குருடர், முடவர் முதலியோரை உண்பித்துப் பின் தான் உண்டவன். மழைக்கால நள்ளிரவு ஒன்றில் வழிநடந்து வந்தோர் சிலர் பசியால் அவனை எழுப்பினர். கொடுக்க ஏதுமின்றி அவன் வருந்தியபொழுதுதான் சிந்தாதேவி அமுதசுரபியை அவன் கையில் அளித்தாள் என்பது கதை. பிற்காலத்தில் இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ் பெற்றார். மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரே அவர் பெயரால் ஒரு சத்திரம் வழங்குகின்றது.

அவ்வறம் புதிய வடிவங்களிலும் தொடர்ந்தது. தமிழகத் திருக்கோயில்களில் நண்பகல் அன்னதானத் திட்டம் 2002 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. மீனாட்சியம்மன் திருக்கோயிலில் அது 2022 ஆம் ஆண்டின் இறுதியில் நாள் முழுதும் வழங்கும் திட்டமாக விரிந்தது. 2013 ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய அம்மா உணவகம் அவ்வாண்டே மதுரைக்கும் வந்தது. தொடக்கத்தில் அங்கே இட்டிலி 1 ரூபாய்க்கும், தயிர்ச்சோறு 3 ரூபாய்க்கும், சாம்பார்ச் சோறு 5 ரூபாய்க்கும் விற்கப்பட்டன.

மாணவர்காள்! இத்தகைய இடங்களில் உண்பது இழிவென்று எண்ணற்க. ஆயினும், அங்கு உண்பார்க்கும் கடமை உண்டு. வேண்டிய அளவே பெறுதல் வேண்டும். இலையில் சோற்றை எறிதல் கூடாது. பொருளுடையார் விலை கொடுத்து உண்டு, இல்லார்க்கு இடம் விடுதல் சால்பு.

இனி, நும் ஊரும் பிறர் காண வரும் ஊராக இருக்கலாம். அயலூரார் ஒருவர், “இங்கே நல்ல உணவு எங்கே கிடைக்கும்?” என்று வினவினால், நீவிர் உண்ணும் இடத்தையே காட்டுக. ஏமாந்து சென்றவர் கடையின் பெயரை மறந்துவிடுவர். ஊரின் பெயரை மறவார்.