மணல்மேட்டின் வயது

கேள்வி: தார் பாலைவனத்தில் பல ஆயிரம் ஆண்டு பழைய மணல்மேடுகள் இருப்பதாகப் படித்தேன். காற்றில் பறக்கும் மணலுக்கு எப்படி வயது கணிக்கிறார்கள்? அதிலிருந்து அந்தக் காலத்து வறட்சியைச் சொல்லிவிட முடியுமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: மணலின் வயது வேறு, மேட்டின் வயது வேறு. ஒரு குவார்ட்ஸ் துகள் பாறையிலிருந்து உதிர்ந்து கோடி ஆண்டுகள்கூட ஆகியிருக்கும். நாம் கணிப்பது, அது கடைசியாக வெயில் பட்டுப் பின் புதைந்த காலத்தை.

மண்ணில் இயல்பாகவே யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிறிதளவு உண்டு. அவற்றின் கதிர்வீச்சால், புதைந்த துகளின் படிகக் குறைகளில் எலக்ட்ரான்கள் சிக்கிச் சேர்ந்துகொண்டே இருக்கும். சில நிமிட வெயில் போதும், எல்லாம் விடுபட்டுவிடும். அதனால் மாதிரி எடுப்பதுதான் இதில் மிகக் கவனமான வேலை. மேட்டின் பக்கவாட்டில் குழி வெட்டி, ஒளி புகாத குழாயை அடித்து இறக்கி, இரு முனைகளையும் அங்கேயே மூடிவிட வேண்டும். ஆய்வகத்திலும் மங்கிய சிவப்பு விளக்கில்தான் பிரிப்போம். பிறகு நீல ஒளி பாய்ச்சினால் துகள் மெல்ல ஒளிரும். அந்த ஒளிர்விலிருந்து துகள் வாங்கிய மொத்தக் கதிர்வீச்சு தெரியும். அதை ஓராண்டுக்கான கதிர்வீச்சால் வகுத்தால் வயது. மணலின் ஈரம் கதிர்வீச்சைக் குறைக்கும் என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கரியோ கிளிஞ்சலோ கிடைக்காத மேட்டில் கார்பன் முறைக்கு வேலையில்லை, இது கைகொடுக்கிறது.

1982-இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் அசோக் சிங்வியும் உடன் பணியாற்றியவர்களும் ராஜஸ்தான் மணல்மேடுகளின் வயதை, துகளைச் சூடேற்றி ஒளிரவைக்கும் முறையில் கணித்து வெளியிட்டார்கள். வெப்பத்துக்குப் பதில் ஒளியைப் பயன்படுத்தும் முறையைக் கனடாவின் ஹன்ட்லி குழுவினர் 1985-இல் அறிவித்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, வயதை மட்டும் வைத்து முடியாது என்பதே என் பதில். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது தார் வறண்டுதான் கிடந்தது. மேடுகள் மிகுதியாக எழுந்ததும் அப்போதுதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வயதுகள் அதற்குப் பிந்திய சில ஆயிரம் ஆண்டுகளில்தான் குவிகின்றன. காரணம் காற்று. தாரில் மணலை நகர்த்துவது தென்மேற்குப் பருவக்காற்று. பனியுக உச்சத்தில் அது வலுவிழந்திருந்தது. பிறகு காற்று வேகம் பிடித்தது. மணலைப் பிடித்து நிறுத்தும் அளவுக்குப் புல்பூண்டு இன்னும் வளரவில்லை. அந்த இடைவெளியில் எழுந்தவையே பல மேடுகள். ஆகவே வயதுடன், மேட்டுக்குள் தெரியும் சுண்ணாம்புக் கங்கர் அடுக்குகளையும் தீத்வானா போன்ற உப்பேரிகளின் படிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். கங்கர் அடுக்கு, மணல் அசையாமல் கிடந்து ஓரளவு ஈரமும் கிடைத்த காலத்தைக் காட்டும்.

இந்திரா காந்தி கால்வாய்ப் பகுதியில் பாசனத்துக்காகப் பல மேடுகளைச் சமப்படுத்திவிட்டார்கள். கிளறி வெயிலில் கொட்டிய மணலில் பழைய கணக்கு அழிந்துபோகும். ஒரு மேட்டை இடிக்கும் முன் மாதிரி எடுக்கவாவது அவகாசம் கொடுங்கள் என்பதே அந்த வட்டார அதிகாரிகளிடமும் உழவர்களிடமும் என் வேண்டுகோள்.