கர்ணனின் பெயர்கள்



மகாபாரதத்தில் கர்ணனுக்குப் பெயர்கள் பல. பொற்கவசமும் குண்டலமும் செல்வமாய் உடன் வந்ததால் வசுசேனன். அக்கவசத்தைத் தன் உடலிலிருந்து அறுத்து இந்திரனுக்குத் தானம் செய்ததால் வைகர்த்தனன். தேரோட்டி அதிரதன் வளர்த்ததால் சூதபுத்திரன். அரங்கில் பீமன் அவனை இழித்துப் பேசியது இதைச் சொல்லித்தான். வளர்த்த தாய் ராதையின் பெயரால் ராதேயன்.

"நீ குந்தியின் தலைமகன், வந்து அரசாள்" என்று கண்ணன் அழைத்தபோதும், பாலூட்டிய ராதையையும் நட்புக்கொண்ட துரியோதனனையும் விட்டுவர அவன் இசையவில்லை. கௌந்தேயன் என்ற பெயரோடு அரசே வந்தும், அவன் ராதேயனாகவே நின்றான்.

ஒரே மனிதனுக்கு இகழ்ச்சியால் வந்த பெயரும் உண்டு, அன்பால் வந்த பெயரும் உண்டு. பிறரை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்று நம் மனதைக் கேட்போம்.

அய்யா உண்டு.