நரைவயது வரைக்கும் சுமக்கிறவர்



தியானப் பகுதி: ஏசாயா 46:1-4

என் தாயாருக்கு 71-ம் வயதில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோயிற்று. சபையார் உபவாசித்து ஜெபித்தீர்கள், வைத்தியமும் பார்த்தோம். மூன்று மாதத்தில் நடந்தே ஆராதனைக்கு வந்து சாட்சி சொன்னார்கள். அல்லேலூயா!

அதற்குப் பிறகுதான் எனக்குச் சோதனை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவார்கள். தட்டில் வலது பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "சோறு பத்தல" என்பார்கள். ஒருநாள், "வேணும்னே பண்றீங்களாம்மா?" என்று கத்திவிட்டேன். விசுவாசி ஒருவர், "இது வேற ஆவி, துரத்தணும்" என்றார். நானும் பாதி நம்பினேன்.

மருத்துவர் அம்மாவைக் கடிகாரம் வரையச் சொன்னார். எண்களையெல்லாம் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதினார்கள். மூளையின் வலது பாகம் பாதிக்கப்பட்டால், கண் நன்றாயிருந்தும் இடது பக்கம் கவனத்துக்கு வராமல் போகலாமாம். ஞாபகசக்தியும், ஒரு வேலையை வரிசையாய்ச் செய்யும் திறனும் குறையலாம். பக்கவாதம் கண்டவர்களில் 60 சதவீதம் பேர் வரைக்கும் முதல் வருஷத்துக்குள் இப்படிப்பட்ட குறைவு வருவதாக அமெரிக்க இருதயச் சங்கம் 2023-ல் தெரிவித்தது. சிலருக்குச் சீராகிறதும் உண்டு.

அது பிடிவாதமும் அல்ல, பிசாசும் அல்ல. அன்றிரவு முழங்காலில் அழுதேன். காலையில் மன்னிப்புக் கேட்டபோது, நான் கத்தினதே அம்மாவுக்கு நினைவில்லை!

வேதம் காட்டுவது என்ன? பேல், நேபோ என்னும் விக்கிரகங்களை மிருகங்கள் சுமக்கவேண்டியிருந்தது. நம் தேவனோ தம் ஜனத்தைத் தாமே சுமக்கிறவர். நாம் அவரை நினைவில் வைத்திருப்பதினால் அல்ல, அவர் நம்மைத் தாங்குவதினாலேயே நிற்கிறோம். அப்படியானால், மறந்துபோகிற பெற்றோரை நாம் சுமக்கவேண்டாமா?

நாம் செய்யவேண்டியவை:

1. ஒரு நேரத்தில் ஒரு காரியத்தை மட்டும் நிதானமாய்ச் சொல்லுங்கள்.

2. கண்ணாடி, மாத்திரை, வேதாகமம் எப்போதும் அதே இடத்தில் இருக்கட்டும். பாதிச் சோறு மீந்தால் தட்டைத் திருப்பி வையுங்கள்.

3. பிரஷர், சுகர் மாத்திரைகளை "விசுவாசத்தில்" நிறுத்திவிடாதிருங்கள். மறுபடியும் பக்கவாதம் வந்தால் மறதி இன்னும் கூடும். பவுலோடிருந்த லூக்காவும் வைத்தியன்தானே (கொலோசெயர் 4:14)!

4. திடீரென வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், ஜெபித்துக்கொண்டே உடனே 108-ஐ அழையுங்கள்.

இன்று அம்மா சில நாள் என் பெயரைத் தேடுகிறார்கள். ஆனால் துதிப்பாடல் தொடங்கினால் வார்த்தை தவறாமல் பாடுகிறார்கள். சுமக்கிறவர் உண்மையுள்ளவர். ஆமென்.